இன்னும் அரைச் சுத்து

என் சகலன் தன் வாழ்நாளில் ஒரு பிழையும் விட்டதில்லை. இது என் கருத்தல்ல, அவருடையது. பாலெர்மோ நகரின் அல்பெர்கேரியாவில் எங்கள் சமையலறைக் கதிரையில் இருந்துகொண்டு தேநீர் குடிப்பார். சீனி கூடிவிட்டால் அது சீனியின் பிழை. பஸ்ஸைத் தவறவிட்டால் பஸ் முந்தி வந்துவிட்டது. சேர்ட் பொத்தான் பூட்டுப்படாவிட்டால் சலவை மெஷின் துணியைச் சுருக்கிவிட்டது. கார் லைசன்ஸ் எழுத்துப் பரீட்சையில் திரும்பத் திரும்பத் தவறினார். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"கேள்வி எழுதினவனுக்கு இத்தாலி பாஷை வடிவாத் தெரியாது, தம்பி."

ஆகவே அவர் எங்கே போவதென்றாலும் நான்தான் கார் ஓட்டினேன். அவர் பக்கத்தில் இருந்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பார்.

என் மனைவி செலினின் அக்கா பிலோமினா மச்சாளைக் கட்டியவர். உறவுக்குச் சகலன் என்றாலும் வயதில் மூத்தவர், அதனால் அண்ணை என்று கூப்பிடுவேன். கூப்பிடாமல் இருக்கவும் வழியில்லை. பாலெர்மோவில் எங்கள் ஆட்கள் ஒரு கோயிலுக்குத்தான் போகிறோம், ஒரு சந்தையில்தான் மீன் வாங்குகிறோம்.

அவருடைய கைக்கு எதையும் இறுக்காமல் விடத் தெரியாது. போத்தல் மூடி, பைப், கதவுப் பிணைச்சல், குக்கர் பிடி எல்லாவற்றையும் ஒருதரம் தொட்டுப் பார்ப்பார். போதுமான அளவு இறுகித்தான் இருக்கும். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் அரைச் சுத்து" என்பார். எங்கள் குளியலறைப் பைப் ஒருநாள் மெல்லச் சொட்டியது. செலின் வாய்தவறி அவர் முன்னால் அதைச் சொல்லிவிட்டாள். அரைச் சுத்து கொடுத்தார். பைப் கையோடு வந்தது. தண்ணீர் கூரைவரை அடித்து, பிறகு கீழ்வீட்டுக்கு இறங்கியது. கீழ்வீட்டு சிஞ்ஞோரா தலையில் துவாயோடு மேலே ஏறிவந்து தன் குலத்துப் புனிதர்கள் எல்லோரையும் கூப்பிட்டாள். அண்ணை உடைந்த பைப்பை அவளிடம் நீட்டிக் காட்டினார்.

"பாருங்கோ சிஞ்ஞோரா, என்ன பித்தளை இது? பிஸ்கட் மாதிரி."

நானும் செலினும் மச்சாளும் முழங்காலில் நின்று தண்ணீரை ஒற்றி எடுத்தோம். அவர் வாசலில் நின்று, இந்த நாட்டில் உருக்கும் பித்தளையும் எப்படிக் கெட்டுப்போயின என்று விளக்கினார். முடிவில் மச்சாளைப் பார்த்து, "நீ அந்த ஸ்பானரை எடுத்துத் தந்ததுதான் பிழை. அது பெரிய ஸ்பானர்" என்றார்.

"ஓம், என்ரை பிழைதான்" என்றார் மச்சாள், துணியைப் பிழிந்துகொண்டே.

அதுதான் மச்சாளின் வழக்கம். பொலிதேயாமாப் பக்கம் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பகல் முழுக்க அந்தக் கிழவியிடம் இத்தாலியில் ஓம் அம்மா என்று "சீ சிஞ்ஞோரா", பொழுதுபட்டால் இவரிடம் "ஓம், என்ரை பிழைதான்." ஏன் எல்லாவற்றுக்கும் ஓம் போடுகிறாய் என்று செலின் ஒருநாள் சண்டைக்கே போய்விட்டாள். மச்சாள் சிரித்தார்.

"ஓம் எண்டால் கதை அதோடை முடிஞ்சுபோம். இல்லை எண்டு பார், பேந்து இருந்து கேக்கவேணும்."

இப்படிப்பட்ட மனிதரின் கைக்கு ஒருநாள் சுடுகிற துவக்கும் வந்தது. எப்படி என்று கேட்பீர்கள். சட்டப்படிதான் வந்தது. இத்தாலியக் குடியுரிமை கிடைத்ததும் எங்கள் ஆட்களில் பலர் லண்டனுக்குப் பறந்தார்கள். இவர் இங்கேயே நின்று முழு இத்தாலியன் ஆவதென்று தீர்மானித்தார். அவர் வேலை செய்த வீட்டு வக்கீலிடம் வேட்டைத் துவக்குகள் வைத்த கண்ணாடி அலுமாரி ஒன்று இருந்தது. அண்ணைக்கு அதன் கண்ணாடியைத் துடைக்க மட்டும்தான் அனுமதி. பல வருடம் துடைத்ததில் அவர் மனதில் ஒரு ஞானம் பிறந்தது.

"வதிவிட பெர்மெஸ்ஸோ வச்சிருக்கிறவன் கூட்டித் துடைப்பான். துவக்கு வச்சிருக்கிறவனைத்தான் இவங்கள் சிஞ்ஞோரே எண்டு கூப்பிடுவாங்கள்."

டொக்டரின் சான்றிதழ் எடுத்தார். சுடுகளத்தில் பழகினார். அங்கே எழுத்துப் பரீட்சை இல்லாததால் தேறினார். இலக்குச் சுடுகிற லைசன்ஸும், பழைய ரைபிள் ஒன்றும் கைக்கு வந்தன. வந்த கையோடு ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஆட்கள் நிற்கும்போது, லைசன்ஸை எடுத்துக் கைமாறக் கைமாறக் காட்டினார். மெற்றில்டா அக்கா அதைக் கையால் வாங்கவில்லை. மன்னாரிலிருந்து வந்தவர். தம்பியை வெடிபட்டுப் பறிகொடுத்தவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அந்தச் சத்தம் கேக்கேலாமல்தானே ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து அதை விரும்பிக் கேக்கவேணுமோ?" என்றார் அவர், ஒரு கோபமும் இல்லாமல்.

அண்ணை சிரித்தார். "அது வேறை, இது வேறை அக்கா. அங்கை சுட்டவங்கள் ஒருத்தனுக்கும் ஒழுங்காக் குறி பாக்கத் தெரியாது."

மெற்றில்டா அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணை என்னிடம் கேட்டார்: "என்ன, அவவுக்குச் சுகமில்லையோ? முகம் வெளிறிக் கிடந்தது."

அவர் பாசாங்கு செய்யவில்லை. அவரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலோடு ஒரு பயமும் வருவது இதனால்தான். பொய்யன் என்றால் எங்கேயாவது ஓரிடத்தில் தடுமாறுவான், பிடித்துக்கொள்ளலாம். இவர் தடுமாறவே மாட்டார். தான் சொல்வதை முழு மனதோடு நம்பினார்.

சுடுகளத்தில் அவர் சுட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கூட்டிப்போனவன் நான்தானே. இலக்குக் கடதாசிக்கு அவரால் அதிகம் சேதம் வந்ததில்லை. பின்னாலிருந்த மண்மேடுதான் வாங்கிக்கட்டிக்கொண்டது. முதலில் காற்றின் பிழை என்றார். காற்றில்லாத நாளில் வெயிலின் பிழை. பிறகு ஒருநாள் பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவர்போல, "கொம்பனிக்காரன் செய்யிற வெடி எல்லாம் ஒரே அளவில்லை, தம்பி. நானே செய்யப்போறன்" என்றார்.

பிரான்காச்சோவில், அரசாங்க மாடிவீடுகளுக்குக் கீழே ஒரு கராஜை வாடகைக்கு எடுத்தார். சுவரோடு ஒரு மரமேசையை அடித்து, அதில் வெடி செய்கிற பிரஸ் யந்திரத்தைப் பூட்டினார். கராஜ் திறப்பு எப்போதும் அவருடைய காற்சட்டைப் பொக்கற்றில்தான். மச்சாளுக்கு உள்ளே வர அனுமதி இல்லை.

"பொம்பிளையள் உள்ளுக்கு வந்தால் அதைத் தொட்டு இதைத் தொட்டு அளவு மாறிப்போம்."

மச்சாள் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தால் வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போவார். எனக்கு அனுமதி இருந்தது. பார்வையாளர் இல்லாமல் அவருக்கு வேலை ஓடாது.

அங்கே நடந்த வேலையை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். வெடி என்பது தோட்டா. சுடும்போது அதன் வெளிக்கூடான பித்தளைக் கோது ஊதிவிடும். திரும்பப் பாவிக்க வேண்டுமானால் முதலில் அதைப் பழைய அளவுக்குச் சுருக்க வேண்டும். அதற்கு ஒரு உருக்கு அச்சு இருக்கிறது, டை என்பார்கள். அந்த டையைப் பிரஸ்ஸின் தலையில் திருகிப் பொருத்தி, நெம்புபிடியை இழுத்தால், கோது கீழேயிருந்து டைக்குள் ஏறிச் சுருங்கி வெளியே வரும். டையை எந்த அளவுக்குக் கீழே திருகி வைப்பது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். யாருடைய கை அதைத் திருகியது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கோதை டைக்குள் தள்ளுமுன் அதற்கென்று விற்கிற மசகை மெல்லியதாகப் பூச வேண்டும். அண்ணைக்கு அது வியாபாரிகளின் ஏமாற்று வேலை. மச்சாளிடம் சொல்லித் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய்ப் போத்தலை வாசலுக்குக் கொண்டுவரச் செய்தார். எண்ணெய் பூசிய முதல் கோது டைக்குள் ஏறியது. இறங்கவில்லை. பிடியில் தொங்கினார். என்னையும் தொங்கச் சொன்னார். இரண்டு பேரும் தொங்கியதில் கோதின் விளிம்பு கிழிந்தது. அடுத்த இழுவையில் மேசை சுவரிலிருந்து கழன்று எங்கள் காலடியில் விழுந்தது. கோது மட்டும் டைக்குள் சுகமாக இருந்தது.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். மச்சாள் இன்னும் அங்கேதான் நின்றார்.

"என்ன எண்ணெயப்பா கொண்டு வந்தனீ? இது வாசம் போட்ட எண்ணெய்."

"ஓம், என்ரை பிழைதான். சாப்பாடு ஆறப்போகுது."

அந்தச் சத்தத்துக்குத்தான் நினோ வந்து எட்டிப் பார்த்தார். பக்கத்துக் கராஜ்காரர். பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். வேட்டைக்காரர், தன் வெடிகளைத் தானே செய்கிறவர். விழுந்து கிடந்த மேசையையும் எங்கள் இருவரையும் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. டையைக் கழற்றிக்கொண்டு போய், உள்ளே சிக்கிய கோதைத் துளைபோட்டு எடுத்து, துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே தன் மசகுப் போத்தலையும் வைத்துவிட்டுப் போனார். அண்ணை அவரை வாசல்வரை அனுப்பிவிட்டுத் திரும்பி என்னிடம் சொன்னார்: "பாத்தியோ, துளை போடேக்கை டையைக் கீறிப்போட்டான்."

அவர்களுக்குள் சிநேகிதம் வந்ததற்கு நினோவின் பொறுமைதான் காரணம். மனைவியோடும் ஒரு கிழட்டு நாயோடும் வாழ்ந்த மனிதர். பேச ஆள் தேவைப்பட்டிருக்கும். டையை எப்படிப் பொருத்துவது என்று அவர் அண்ணைக்குக் காட்டிய அன்று நானும் நின்றேன்.

"கொஞ்சம் கொஞ்சமாக் கீழை திருப்பு" என்றார் நினோ. "ஒவ்வொரு தரமும் கோதை எடுத்துத் துவக்குக்குள்ளை போட்டுப் பார். துவக்குப் பூட்டு லேசா உரசிக்கொண்டு மூடும். அங்கை நிப்பாட்டு. அதுக்கு மேலை ஒரு மயிரிழையும் வேண்டாம்."

"ஏன் உரசவேணும்? வழுக்கிக்கொண்டெல்லோ மூடவேணும்?"

"வழுக்கினால் கோது கட்டையாப் போச்சு எண்டு அர்த்தம். உள்ளுக்கை இடம் வந்திடும். ஒவ்வொரு வெடிக்கும் பித்தளை அந்த இடத்துக்கு இழுபடும். அடிப்பக்கம் மெல்லிசாகிக்கொண்டே வந்து ஒருநாள் அறுந்துபோம்."

தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணையின் தோளில் நினோ தட்டிவிட்டுப் போனார். அவருடைய காலடிச் சத்தம் மறையும்வரை அண்ணை காத்திருந்தார். பிறகு டையைப் பிடித்தார். பல்லைக் கடித்தார்.

"இன்னும் அரைச் சுத்து. இறுக்கினால்தான் நிக்கும்."

"அவர் வேண்டாமெண்டெல்லோ சொன்னவர், அண்ணை?"

"அவன் பஸ் திருத்தினவன். பஸ்ஸிலை எல்லாம் ஆடிக்கொண்டுதானே கிடக்கும்?"

சில மாதம் கழித்து நினோ வந்து மேசையிலிருந்த கோதுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் மெல்லிய பளபளப்பான கோடு மோதிரம்போல ஓடியது. வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவினார். கம்பி ஒரு பள்ளத்தில் தடக்கியது. என் விரலையும் பிடித்துக் கம்பியில் வைத்து, அந்தத் தடக்கலை எனக்கும் காட்டினார். பிறகு கோதுகளை ஒரு பக்கமாகத் தள்ளினார்.

"இதெல்லாம் செத்த கோது. எறி."

"ஓ, எறியிறன்" என்றார் அண்ணை. நினோ போன பிறகு அவற்றைத் திரும்பவும் அள்ளித் தகரப் பெட்டியில் போட்டார். "நல்ல கோதுகள். அவனுக்கு வயித்தெரிச்சல்."

அந்தச் சனிக்கிழமை காலையில் இருவரையும் நான்தான் ஏற்றிப்போனேன். நகருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருக்கிறது சுடுகளம். வழியெல்லாம் எலுமிச்சைத் தோட்டம், காற்றுக் குளிர்ந்து வந்தது. நினோ அன்று நல்ல சந்தோஷமாக இருந்தார். நாய் தன் சப்பாத்தை எங்கே ஒளித்தது என்று கதை சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டு பேருடைய ரைபிளும் ஒரே அளவு வெடி எடுப்பவை. நினோ தான் கொண்டுவந்ததை விரைவிலேயே சுட்டு முடித்துவிட்டார். அண்ணை தன் பெட்டியை அவர்முன் வைத்துத் திறந்தார்.

"என்ரையிலை ஒண்டு அடிச்சுப் பார். பேந்து தெரியும் ஆர் ஒழுங்காச் செய்யிறது எண்டு."

ஒருவர் செய்த வெடியை மற்றவர் சுடக்கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விதி. நினோ முதலில் வேண்டாமென்று கையை ஆட்டினார். அண்ணை விடவில்லை. முகம் வாடிப்போய், "என்னை நம்பேல்லையோ?" என்றார். நினோ ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். புதுக் காசுபோல மின்னியது.

"கோது புதுசா?"

"புதுசு."

நினோ ஒரு மனிதனின் சொல்லை நம்பினார். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார். அதை இறக்க மறந்தாரோ, ஒரு வெடிதானே என்று விட்டாரோ, எனக்குத் தெரியாது. சுட்டார். சத்தம் வழக்கமானதுபோல இல்லை. தகரத்தைக் கிழித்ததுபோல இருந்தது. பூட்டுப் பக்கத்திலிருந்து புகை பின்னுக்கு அடித்தது. நினோ ரைபிளை மெதுவாக மேசையில் வைத்தார். அந்த மெதுவைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தார். விரல்களுக்கிடையில் இரத்தம் வந்தது.

சுடுகளத்துக்காரன் ஓடிவந்து துவக்கைத் திறந்து பார்த்தான். கோதின் அடி மட்டும் கழன்று வந்தது. மேற்பாதி குழலுக்குள் ஒட்டிக் கிடந்தது. நடுவால் அறுந்திருந்தது.

அம்புலன்ஸ் மலையேறி வரச் சுணங்கும் என்றார்கள். நான் நினோவைக் காரின் பின்சீற்றில் ஏற்றினேன். துவாயை முகத்தில் அழுத்திக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டபடி கிடந்தார். அண்ணை முன்சீற்றில் ஏறி, பெல்ற்றைப் போட்டு, பின்னால் திரும்பி இத்தாலியில் தொடங்கினார். நினோவின் ரைபிள் பழசு. அதன் உள்ளறை தேய்ந்திருக்க வேண்டும். பூட்டைச் சரியாக மூடவில்லைப்போலும். கண்ணாடி போடாதது வேறு. எத்தனைதரம் நாங்கள் படித்தோம், கண்ணாடி போடவேண்டுமென்று? நினோ பதிலுக்கு முனகினார். அண்ணை அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு, இன்னும் விளக்கமாக முதலிலிருந்து சொன்னார்.

"வாயை மூடுங்கோ அண்ணை" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல்தரம்.

"ஏன் தம்பி கத்துறாய்? ரோட்டைப் பார்."

"அது நினோ எறியச் சொன்ன கோதெல்லோ? புதுசு எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"வினாகிரியிலை ஊறப்போட்டு, தேய்ச்சு மினுக்கினனான். மினுக்கினால் புதுசுதானே?"

நான் அக்சிலேற்றரை மிதித்தேன்.

ஆஸ்பத்திரியில் நினோவை உள்ளே கொண்டுபோனார்கள். நான் மச்சாளுக்குப் போன் எடுத்தேன். நினோவின் மனைவியோடு சந்தையில் கதைத்துப் பழகியவர் அவர்தான், அந்தச் செய்தியைச் சொல்ல வேறு ஆள் எனக்குத் தெரியவில்லை. நடைபாதை வாங்கில் இருந்தபோது அண்ணை என் பக்கம் சரிந்தார்.

"பொலிஸ் கேட்டால், நினோ தன்ரை வெடியைத்தான் சுட்டவன் எண்டு சொல்லு."

"அண்ணை, அந்த மனுசன் உங்களை நம்பி வாங்கினவர்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். நம்பினது அவன்ரை பிழையெல்லோ?"

ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் வந்தபோது அந்தக் கதைக்கு இடமிருக்கவில்லை. யாருடைய வெடி என்று நினோ டொக்டரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார். நானும் கண்டதைக் கண்டபடி சொன்னேன். அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து, வேலைவீட்டு ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், நினோவின் மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மச்சாள் நடைபாதையில் வந்தார். அந்த அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு எங்களிடம் திரும்பினார்.

அண்ணையின் முகம் வெளித்தது. எழுந்து நின்று, பொலிஸ்காரரிடம் கையை நீட்டி மச்சாளைக் காட்டினார். இத்தாலியில் விளக்கினார்: கராஜைக் கூட்டித் துடைப்பது என் மனைவிதான். நான் டையைச் சரியான அளவில்தான் வைத்திருந்தேன். இவள் துடைக்கும்போது அதைப் பிடித்து நிறுத்துகிற வளையம் அசைந்திருக்கிறது. இவளுக்கு இதெல்லாம் விளங்காது, பாவம். வேண்டுமென்று செய்யவில்லை.

கருணையோடு சொன்னார். அவர் கண்ணில் ஒரு ஈரம்கூட இருந்தது. மனைவியை மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"சிஞ்ஞோரா, நீங்கள் அந்த யந்திரத்தைத் தொட்டீர்களா?" என்று கேட்டார் பொலிஸ்காரர்.

மச்சாள் வாய் திறக்குமுன் அண்ணை தமிழில் குறுக்கிட்டார். "ஓம் எண்டு சொல்லு. துடைக்கேக்கை தெரியாமல் கை பட்டிட்டுது எண்டு சொல்லு. உனக்கு ஒண்டும் செய்யமாட்டாங்கள்."

மச்சாள் தன் கையைப் பார்த்தார். நினோவின் மனைவியைப் பிடித்து வந்த கை. அந்த அம்மா அழுது துடைத்ததில் சட்டைக் கை நனைந்திருந்தது. உள்ளேயிருந்து நினோவின் குரல் ஒருதரம் உயர்ந்து அடங்கியது.

"நோ" என்றார் மச்சாள்.

பொலிஸ்காரர் பேனையை எடுத்தார். மச்சாள் நிதானமாக, வேலைவீட்டில் பழகிய இத்தாலியில் சொன்னார். நான் அந்தக் கராஜுக்குள் கால் வைத்ததில்லை. என்னை விடமாட்டார். ஒரேயொரு திறப்புத்தான் இருக்கிறது. அது இப்போதும் அவருடைய பொக்கற்றில் இருக்கும்.

பொலிஸ்காரர் அண்ணையைப் பார்த்தார். அண்ணையின் கை தன்பாட்டில் பொக்கற்றுக்குள் போனது. திறப்பு இருந்தது. எடுத்துக் கொடுத்தார். அவர் முகத்தில் கோபம் இருக்கவில்லை. பேசத் தெரியாத கதிரை பேசியதைக் கேட்டவர்போல மச்சாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு நடந்தது நீங்கள் எதிர்பார்ப்பதுதான். துவக்கும் பிரஸ்ஸும் டையும் வெடிமருந்தும் எல்லாம் கொண்டுபோனார்கள். லைசன்ஸ் போனது. வழக்கு இழுபட்டது. நினோ கடுமையாக எதையும் கேட்காததால் அண்ணை சிறைக்குப் போகாமல் தப்பினார். வழக்குப் பேசிய வக்கீலுக்குத் தன் பக்க நியாயத்தை விளங்கப்படுத்தத் தெரியவில்லை என்று கோயில் முற்றத்தில் சொன்னார். கேட்க ஆள் குறைவு. மெற்றில்டா அக்கா முற்றத்தின் மறுபக்கத்தால் போனார்.

நினோவின் வலது கண் போய்விட்டது.

மச்சாள் ஒருநாள் பழங்கள் வாங்கிக்கொண்டு நினோ வீட்டுக்குப் புறப்பட்டார். அண்ணை வாசலை மறித்தார்.

"மன்னிப்புக் கேக்கப் போறியோ? கேட்டால் நாங்கள்தான் பிழை எண்டு ஆகிப்போமெல்லோ?"

மச்சாள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார். முதல்நாள் நினோவின் மனைவி கதவைத் திறக்கவில்லை. பழப்பையை வாசலில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த கிழமை கதவு திறந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

கொஞ்சக் காலத்தில் அண்ணை லண்டனுக்கு, தன் தம்பி வீட்டுக்குப் போக முடிவெடுத்தார். பாலெர்மோவில் நல்ல மனிதருக்கு மதிப்பில்லையாம். இரண்டு பேருக்கும் பெட்டி கட்டச் சொன்னார். மச்சாள் அவருடைய உடுப்புகளை மடித்து ஒரு பெட்டியில் வைத்து மூடினார். தன்னுடையதை அலுமாரியில் விட்டார்.

"நீங்கள் போங்கோ. நான் இஞ்சை நிக்கிறன்."

"தனிய எப்பிடி இருப்பாய்?"

"இருந்து பாக்கிறன்."

விமான நிலையத்துக்கும் நான்தான் ஏற்றிப்போனேன். வழியில் இரண்டுதரம் கேட்டார்: "அவளுக்கு என்ன பிடிச்சது தம்பி? செலின்தான் ஏதோ சொல்லிக் குடுத்திட்டாள் போல."

இப்போது வருடங்கள் போய்விட்டன. அவர் சில ஞாயிறுகளில் எனக்குப் போன் எடுப்பார். அங்கத்தை மழையின் பிழை, ரயிலின் பிழை, தம்பி பெண்சாதியின் கறியின் பிழை எல்லாம் சொல்வார். நான் ஊம் கொட்டுவேன். போன மாதம் ஒருநாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். செலின் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மச்சாள் எங்கள் சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று அண்ணையின் பேச்சு நின்றது. பிறகு, அத்தனை வருடத்தில் ஒருமுறையும் கேட்காததைக் கேட்டார்.

"தம்பி, நினோ எப்பிடி இருக்கிறான்?"

நான் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. மச்சாளும் கேட்கட்டும் என்று நினைத்திருக்கலாம். மச்சாளின் கத்தி நின்றது.

"இருக்கிறார் அண்ணை. வலது கண் தெரியாது. மற்றதாலை சமாளிக்கிறார்."

மறுபக்கத்தில் மூச்சு மட்டும் கேட்டது, கனத்து, விட்டுவிட்டு. செலின் சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் அந்தப் போனைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவ்வளவு இழிவாக நினைத்திருந்த மனிதருக்காக என் நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். முழுதாக வேண்டாம், பாதியாவது.

"தம்பி" என்றார். குரல் கரகரத்திருந்தது. "அந்தக் கண் அவனுக்கு முந்தியே கொஞ்சம் மங்கல்தானே?"

மச்சாள் ஈரக் கையை நீட்டிப் போனை நிறுத்தினார். மீன் செதில் ஒன்று போன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அதை நகத்தால் வழித்து எடுத்தார்.

"கெதியாச் சமைப்பம்" என்றார் செலினிடம். "நான் நினோ வீட்டை போகவேணும். மற்றக் கண்ணுக்கு மருந்து விடுற நேரம்."